ரெண்டு ஓட்டைப் பெட்டி

கஸ்பார் மாஸ்டர் வாங்கிவந்த பெட்டி, அவர் வாசித்ததை ஒன்பது நாள் கழித்துத்தான் கேட்கவிடும் என்று தெரியவந்தபோது சிப்பிக்காரத் தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற, தங்குகடல் போன படகு பத்து நாளைக்கு ஒருமுறை கரை சேருகிற, தாலுகா ஆபீசில் கொடுத்த மனு எந்த நாளிலும் திரும்பி வராத ஒரு தெருவில், ஒரு சத்தம் வந்து சேர ஒன்பது நாள் எடுத்துக்கொள்வது அப்படியொன்றும் கூடுதலாகத் தெரியவில்லை. எதிர்வீட்டு ஜெனோவா மட்டும், "ஒம்பது நாளா, சரியா ஒம்பதா?" என்று கேட்டாள். சரியாக ஒன்பது என்றதும், "அப்பப் பரவால்ல, கணக்கா இருந்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

மாஸ்டர் என்று தெருவே கூப்பிட்டாலும் அவர் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு மெல்லிசைக் குழுவில் இரண்டாவது கிதார் வாசித்தவர். இரண்டாவது கிதார் என்றால், பாடுகிறவர் பாட, கீபோர்டு குழைய, முதல் கிதார்காரன் மேடையின் முன்னால் வந்து தலையை ஆட்டி ஒரு துண்டு வாசித்துக் கைத்தட்டு வாங்கிக்கொண்டு போக, இவர் டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஃபேன் காற்று எட்டாத மூலையில் நின்று பாட்டு கீழே விழாமல் தாங்கிக்கொண்டிருப்பது. கோயில் கொடைக்கும் கல்யாண வரவேற்புக்கும் ஊர் ஊராகப் போய், ஓர் ஆள் கனமிருக்கும் ஆம்ப்ளிஃபயரை வேனில் ஏற்றியும் இறக்கியும் வலது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்துபோய், அறுபத்திரண்டு வயதில் அவருக்கு மிச்சமிருந்தது கிதாரும் அசதியும்தான். உட்கார்ந்தால் அசதி, எழுந்தால் அசதி, தூங்கி எழுந்தால் தூங்கியதற்கே தனியாக ஓர் அசதி.

அவர் மனைவி எமரென்சியா, எமரி, நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். அந்த மில்லுக்குள் ஒருத்தி தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. ஆகவே அங்கே எல்லாப் பெண்களும் வாயைப் பார்த்துப் பேசப் பழகியிருந்தார்கள். நாற்பதடி தள்ளி எதிர் வரிசையில் நிற்பவளின் மாமியார் சண்டையை, அவள் உதடு அசைவதை மட்டும் பார்த்து, இங்கே நிற்பவள் ஒரு வார்த்தை விடாமல் தெரிந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மில் கொடுத்த பரிசுகளில் ஒன்று அது. இன்னொன்று, வலது காது மில்லில் இருக்கும்போதே அடைத்துப்போனது. இடது காது இப்போது அடைத்துக்கொண்டிருந்தது. காது டாக்டர், மெஷின் வைத்தால் சத்தம் கேட்கும், ஆனால் பேச்சு பேச்சாகவும் பாட்டு பாட்டாகவும் கேட்காது என்று சொல்லிவிட்டார். எமரி அவர் வாயைப் பார்த்தே அதையும் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு எது காதால் கேட்கிறது, எது கண்ணால் கேட்கிறது என்று கஸ்பாருக்கு ஒருநாளும் பிரித்துத் தெரிந்ததில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று மத்தியானம், சாளை மீன் குழம்பை அவர் தட்டில் ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்.

"இங்கேருங்க, உங்க கச்சேரி எத்தனையோ பாத்துட்டேன். அதுல உங்க கிதார் எதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"எல்லாம் சேந்துதான வரும்," என்றார் அவர்.

"அதான் சொல்லுதேன். பாட்டுக்காரன் சத்தம் தெரியுது, தபேலா தெரியுது, அந்த முன்னால வந்து ஆடுதவன் தெரியுது. உங்களத் தெரியல. காது அடையுறதுக்குள்ள உங்கள மட்டும் தனியா ஒரு தரம் கேட்டுரணும்."

கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்ட பொருள் எதுவும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டில் அவர் கிதார் பையைத் திறந்ததே கிடையாது. அவள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவர் கச்சேரிக்குக் கிளம்பியிருப்பார், அவர் திரும்பும்போது அவள் ஷிஃப்டுக்குக் கிளம்பியிருப்பாள், இரண்டு பேரும் வீட்டிலிருக்கும் நாளில் இரண்டு பேரும் படுத்துக் கிடப்பார்கள். வெட்கமாக இருந்தது அவருக்கு. சோற்றைப் பிசைந்துகொண்டே, செய்துவிடலாம் என்றார்.

செய்வது அவர் நினைத்த அளவுக்கு லேசாக இல்லை. மின்கிதாரைச் சும்மா மீட்டினால் கொசு கத்துவதுபோல இருக்கும். ஆம்ப்ளிஃபயர் போட்டாலோ எமரியின் காதுக்கு மில் இரைச்சலாகத்தான் போய்ச் சேரும். ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்தி வைத்தால்தான் அவளுக்குச் சுரம் சுரமாகப் பிரியும். ஃபோனில் பதிந்து கொடுத்ததற்கு, "தகரத்துல கல்லு போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். கப்பலில் வேலை பார்க்கும் மகன் ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினான், இதில் கிதாரை மாட்டினால் ஹெட்ஃபோனில் அருமையாகக் கேட்கும் அப்பா என்று. கிதார் வயரின் முனையிலுள்ள பின் தடிமன், டேப்லெட்டின் வாய் எறும்பு வாய். நடுவில் ஒரு பெட்டி வேண்டும், அதற்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர் என்றான். ஒரு பொருளை வாங்கினால் அது இன்னொரு பொருளைக் கேட்கிறது, அந்தப் பொருள் ஒரு வயரைக் கேட்கிறது, மனுஷன் எப்போது உட்கார்வது என்று அலுத்துக்கொண்டே கஸ்பார் எமரியைக் கூட்டிக்கொண்டு கனி பாயின் கடைக்குப் போனார்.

கனி பாய் அந்த ஊர் மேடைகளுக்கெல்லாம் மைக்கும் ஸ்பீக்கரும் விற்று ரிப்பேரும் பார்க்கிறவர். கண்ணாடி மேசைமேல் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது ஒரு ஓட்டை மாஸ்டர். கிதார் மட்டும். வெரல் தண்டிதான் இருக்கும், ஆனா சத்தம் சட்டுனு வந்துரும். இந்தச் செவப்பு ரெண்டு ஓட்டை, ஒண்ணு கிதாருக்கு, ஒண்ணு மைக்குக்கு. இது எட்டு ஓட்டை, இது உங்களுக்கு வேண்டாம். வாசிக்கதுக்கும் கேக்கதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு பாத்தீங்களா, அது எதுல கம்மியோ அதுதான் நல்ல பொட்டி."

"அப்ப ஒத்த ஓட்டையே குடுங்க பாய்," என்றார் கஸ்பார்.

கனி பாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த எமரி சிவப்புப் பெட்டிமேல் கையை வைத்தாள். வீட்டுக்கு எதை வாங்கினாலும் ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம். அடுப்பென்றால் இரண்டு பர்னர், கதவென்றால் இரண்டு தாழ்ப்பாள்.

"இந்த ரெண்டாவது ஓட்டை அதுக்கில்லம்மா," என்று கனி பாய் சொல்லிப் பார்த்தார். "ஒண்ணு அடைச்சா மத்தத வச்சு ஓட்டுத சமாச்சாரம் இல்ல இது."

"எனக்கு ரெண்டு காது இருக்கப்போயிதான இம்புட்டு நாள் ஓடுச்சு?" என்றாள் எமரி.

கனி பாய் சிவப்புப் பெட்டியையே கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. கஸ்பார் ஒரு கம்பியைச் சுண்டினார், டேப்லெட்டின் திரையில் கோடு எழும்பி அடங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. பின்னைக் கழற்றி மாட்டினார், குமிழ்களைத் திருகினார், மறுபடி சுண்டினார். கனி பாயே சைக்கிளில் வந்து பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் அப்படியே மாட்டி வையுங்கள், ஒரு வயர் வரவேண்டியிருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய ஸ்பீக்கர் ஒன்றையும் பெட்டியில் செருகிவிட்டுப் போயிருந்தார். ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்குக் கஸ்பார் தெருமுனை ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து டொய்ங் என்று ஒரு கம்பி அதிர்ந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு டொய்ங், பிறகு அவர் பின்னைக் கழற்றி மாட்டின நேரத்துக்குச் சரியாக ஒரு மௌனம், பிறகு மூன்று டொய்ங். மீன் சட்டியோடு வாசலில் நின்ற ஜெனோவா, ரேஷன் பையோடு வந்துகொண்டிருந்த மாஸ்டரையும் அவர் வீட்டு ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் அந்த "சரியா ஒம்பதா" என்ற கேள்வியைக் கேட்டாள்.

தெரு அந்தப் பெட்டிக்குப் பழகிய வேகத்துக்குக் கஸ்பாரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஜெனோவாவின் புருஷன் ததேயு தங்குகடல் போகிற படகுக்கு டிரைவர். கிளம்புகிற அன்று காலை வந்து, இரண்டாவது ஓட்டையில் கஸ்பார் சும்மா செருகி வைத்திருந்த பழைய குழு மைக்கைக் கையில் பிடித்து, "ஏட்டி ஜெனோவா, வந்துட்டேன், வெந்நி போடு" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒன்பதாம் நாள் காலை அந்தச் சத்தம் வர, அவள் அண்டாவை அடுப்பில் ஏற்ற, தண்ணீர் கொதிக்கும் பதத்துக்கு அவனும் வலைப்பையோடு வந்து நின்றான். அது போதாதா? மறுநாளிலிருந்து மாஸ்டர் வீட்டில் வரிசை. பங்குச்சாமியார், திருவிழாவின் கடைசி நாள் பாட்டுக்கான கிதாரைக் கொடியேற்றத்தன்றே வாசித்து வைத்துவிடும்படியும், அப்படிச் செய்தால் கடைசி நாள் மாஸ்டர் ஓய்வாகச் சப்பரத்தின் பின்னால் நடந்து வரலாமென்றும் சொன்னார். ஞாபகமறதிக்காரர்கள் வந்து, எட்டாம் நாள் வரும் தண்ணீரைப் பிடித்தோமா என்று ஒன்பதாம் நாள் கேட்பதற்காகத் தங்களைத் தாங்களே திட்டிவிட்டுப் போனார்கள். மருமகளைச் சாட வந்த ஒரு மாமியார் முழுசாக அரை மணி நேரம் சாடிவிட்டு, ஒன்பது நாளில் இரண்டு பேரும் ராசியாகி, அந்தச் சத்தம் வரும் வேளையில் மருமகளையே கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "இந்த எடத்துல நான் சொன்னது கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று தலையை ஆட்டினாள். கோபத்தைப் பெட்டியில் போட்டுவிட்டால் வெளியே வருவதற்குள் ஆறிவிடும் என்று தெரு கண்டுபிடித்துக்கொண்டது.

ஒரே ஒரு சட்டம்தான் அந்தப் பெட்டிக்கு. வயரைப் பிடுங்கக்கூடாது. ஒரு சனிக்கிழமை எமரி தூசி தட்டுகையில் டேப்லெட்டிலிருந்து வயர் கழன்று, அடுத்த நொடியே மாட்டிவிட்டாள் என்றாலும், உள்ளே வந்துகொண்டிருந்த ஒன்பது நாளும் ஒட்டுமொத்தமாகப் போய்விட்டது. அதில் யாகப்பன், பேச்சுவார்த்தை இல்லாத தன் தம்பிக்குச் சொல்லி வைத்திருந்த நான்கு நல்ல வார்த்தைகளும் போயின. யாகப்பன் மறுபடி வந்து சொல்லிப் பார்த்தான். முதல்தரம் வந்த மாதிரி வரவில்லை, பாதியில் எழுந்து போய்விட்டான். அன்றைக்கு எமரி அழுதாள். அதிலிருந்து அந்த வயர் பக்கம் அவள் துடைப்பத்தைக்கூடக் கொண்டுபோகவில்லை.

இவ்வளவு பேருடைய சத்தத்தையும் சுமந்த பெட்டியில் எமரி கேட்ட கிதார் மட்டும் ஏறவில்லை. போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, தப்பாக வாசித்துவிட்டால் ஒன்பது நாள் கழித்துத் தெருவே கேட்கும் என்பதால், நன்றாகப் பழகிவிட்டு வாசிக்கலாம் என்று கஸ்பார் தள்ளிப்போட்டார். பழக உட்கார்ந்தபோதுதான் இன்னொரு விஷயம் தெரியவந்தது. அவருக்கு ஒரு பாட்டுகூடத் தெரியாது. ஆயிரம் பாட்டுக்குப் பின்னால் என்ன வரவேண்டும் என்று விரல்களுக்குத் தெரியும். முன்னால் வருவது அடுத்தவன் வேலையாகவே இருந்துவிட்டது. நாளைக்குப் பார்ப்போம் என்று பையை மூடினார். அப்படி எத்தனை நாளைக்கு!

ஒரு திங்கட்கிழமை காலை எமரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "மணி அடிக்கி," என்றாள்.

கோயில் மணி இல்லை. மில்லில் வேலை பார்த்த பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த மணி அது. காது மொத்தமாக அடைவதற்கு முன்னால் உள்ளே ஓயாமல் அடிக்கும், அடிக்கத் தொடங்கினால் மூன்று நாள், அதற்குமேல் ஒன்றும் கேட்காது. வலது காதுக்கும் சரியாக மூன்று நாள்தான் அடித்தது. கஸ்பார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். இந்த நிமிஷமே வாசித்தாலும் பெட்டிக்கு ஒன்பது நாள் வேண்டும்.

மறுநாள் கனி பாய் கடையில் போய் நின்றார். கனி பாய் ஒற்றை ஓட்டைப் பெட்டியை எடுத்துத் தன் ஃபோனில் மாட்டிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. "ஃபோன் பவர் பத்தாது மாஸ்டர், உங்க டேப்லெட்டுலதான் ஓடும். இல்லன்னா சென்னையிலேர்ந்து ஒரு பின்னு வரணும், பத்து நாள் ஆயிரும்." டேப்லெட்டுக்கு ஒரே வாய். அதில் சிவப்புப் பெட்டி மாட்டியிருக்கிறது. சிவப்புப் பெட்டிக்குள் திருவிழாப் பாட்டு இருக்கிறது, தெருவின் ஒன்பது நாள் இருக்கிறது, அவற்றோடு ததேயுவின் சத்தமும் இருக்கிறது.

மற்ற எந்தச் சத்தம் போனாலும் கஸ்பார் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பார். ஆனால் ததேயுவின் படகிலிருந்து மூன்று நாளாக வயர்லெஸ்ஸில் பதில் இல்லை. கூடப் போன படகுகள் திரும்பிவிட்டன. வியாழக்கிழமை காலை, "வந்துட்டேன், வெந்நி போடு" என்ற அவன் சத்தம் வரவேண்டும். ஜெனோவா சாப்பிடாமல் அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு இருந்தாள். அண்டாவைத் தேய்த்து வாசலில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் கஸ்பார் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையில் விரல் தண்டிப் பெட்டியும் மறு கையில் சிவப்புப் பெட்டியின் வயருமாக ரொம்ப நேரம் இருந்தார். பிடுங்கினால் எமரிக்குக் கேட்கும், பிடுங்காவிட்டால் ஜெனோவாவுக்குக் கேட்கும். மேடையில் முப்பத்தொரு வருஷம் எதையும் முடிவு செய்யாமல் மற்றவர்கள் போகிற வழியில் போய்க்கொண்டிருந்த மனுஷனுக்கு இந்த வயசில் இப்படி ஒன்று வரவேண்டுமா என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது, அழுகையாகவும் இருந்தது. நிலைப்படியில் ஜெனோவா வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெருவில் எதுதான் தெரியாது?

"எடுத்துருங்க மாஸ்டர்," என்றாள். "அக்காக்குக் காது போயிட்டா திரும்பியா வரும். அவரு வாரதுன்னா சத்தம் இல்லாமலும் வருவாரு." சொல்லிவிட்டாள், ஆனால் கண் அந்த வயரை விட்டு நகரவில்லை.

கஸ்பார் வயரில் விரலை இறுக்கினார். அடுக்களையிலிருந்து வந்த எமரி இருவர் முகத்தையும் பார்த்தாள். நேராக வந்து அவர் கையிலிருந்த சின்னப் பெட்டியை வாங்கி அலமாரிமேல் வைத்தாள்.

"வயர விடுங்க. எனக்கு என்ன அவசரம் இப்ப?"

"மூணு நாள்தான எமரி. ரெண்டு நாள் போயிட்டு, இன்னிக்கோட முடியுது."

"அது வலது காதுக்கு. இந்தக் காது கெட்டிக்காரக் காது, மாசம் ஒண்ணு ஓடும். மணி நல்லா அடிக்கி, நீங்க பேசுததும் நல்லாக் கேக்கு. இப்ப வாசிங்க, ஒம்பதாம் நாள் கேட்டுக்கிடுதேன். ஜெனோவா, நீ போயி ரெண்டு வாய் தின்னு."

கஸ்பார் அவளை நம்பினார். நம்பாமல் இருப்பதற்கு இன்னும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது, அது அவரிடம் இல்லை. கிதாரை எடுத்து மடியில் வைத்தார். தெரிந்ததை வாசித்தார். முன்னால் வரவேண்டிய பாட்டே இல்லாமல் பின்னால் வருவதை மட்டும், தலைப்பும் பல்லவியும் இல்லாமல், ஒன்று முடியும் இடத்தில் இன்னொன்றாக, அரை மணி நேரம். பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எமரி எதிரே முக்காலியில் உட்கார்ந்து அசையாமல் இருந்தாள். முடிந்ததும் கையெல்லாம் வேர்த்திருந்ததால் அவர் கொல்லைப்பக்கம் போய்க் கை கழுவி, முகத்திலும் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தார். எமரி மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். டீ போடட்டுமா என்று கேட்டாள்.

வியாழக்கிழமை காலை ததேயுவின் சத்தம் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஜெனோவா அண்டாவை ஏற்றினாள். தண்ணீர் கொதித்து, வற்றி, மறுபடி ஊற்றி, மறுபடி கொதித்தது. அன்று முழுக்க அவள் அடுப்பை அணைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, இன்ஜின் இறுகிப்போன படகை வேறொரு படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது, கன்னம் ஒட்டிப்போன ததேயு வாசலில் வந்து நின்றான். "வெந்நி போட்டிருக்கியா?" என்று கேட்டான். அவள் அவனை அடிக்கப் போனாள் என்றும் கட்டிக்கொண்டாள் என்றும் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

அடுத்த திங்கட்கிழமை குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. எமரி அதற்கு ஒரு கை தூரத்தில் முதுகைக் காட்டி நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கஸ்பார் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், அவரும் சிரித்தார்.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. தேங்காய் விலை மாதிரி விஷயம் தெருவெல்லாம் பரவியிருந்தது. ததேயுவும் ஜெனோவாவும் வந்தார்கள், கடையைப் பூட்டிவிட்டுக் கனி பாய் வந்தார், மாமியாரும் மருமகளும் வந்தார்கள், யாகப்பன்கூட வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றான். எமரி கட்டிலில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை எடுத்து இடது காதோடு அழுத்திக்கொண்டாள். கஸ்பார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மத்தியானம் சரியாக அந்த நிமிஷத்தில் கிதார் வந்தது. இப்படி ஒரு கிதாரை அந்தத் தெரு கேட்டதில்லை. பாட்டெல்லாம் எழுந்து போனபிறகு அது உட்கார்ந்திருந்த இடம் மட்டும் மிச்சமிருந்தது. முதலில் ஒருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ததேயு மெல்ல வாய்க்குள் ஒரு பாட்டை முனகினான், கனி பாய் வேறொரு பாட்டை முனகினார், மருமகள் ஒன்றை. எல்லாம் அந்தக் கிதாருக்குள் இடித்துக்கொள்ளாமல் போய் உட்கார்ந்துகொண்டன. அவரவர் கல்யாணத்துக்கும் அவரவர் திருவிழாவுக்கும் பின்னால் நின்றவர் இவர்தான் என்று முப்பத்தொரு வருஷம் கழித்து அவர்களுக்குத் தெரிந்தது. எமரி மட்டும் எந்தப் பாட்டையும் முனகவில்லை. அவள் கஸ்பாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிதார் நின்றது. கொல்லைப்பக்கம் கதவு திறக்கும் சத்தம் பெட்டியில் கேட்டது. எழுந்திருக்கப் போனவர்கள், அடுத்து வந்த குரலில் அப்படியே உட்கார்ந்தார்கள். மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து மூச்சளவில் பேசிய எமரியின் குரல், ஸ்பீக்கரில் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"இங்கேருங்க, நீங்க கை கழுவப் போயிருக்கீங்க, அதுக்குள்ள சொல்லிருதேன். எனக்கு ஒண்ணும் கேக்காது. மணி நேத்து சாயங்காலமே நின்னுட்டு. நீங்க வயரப் புடுங்கியிருந்தாலும் கேட்டிருக்காது, ஜெனோவாப் புள்ளைக்கு இருந்ததும் போயிருக்கும். இதச் சொன்னா நீங்க கிதாரப் பையில போட்டு மூடிருவீங்க, அதான் சொல்லல. கோவப்படாதீங்க."

மூச்சு மட்டும் வந்தது.

"ஆனா பாத்தேன். மில்லுல எதிர்ல நிக்கவ வாயப் பாக்க மாதிரி உங்க வெரலப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு எடத்துலகூட நீங்க முன்னால வரல. யாருக்கோ எடம் விட்டு எடம் விட்டு வாசிக்கீங்க. வீட்டுலயும் இப்படித்தான இருந்தீங்க எங்கூட. இதுதான் உங்க சத்தம்னா அது எனக்கு எப்பவோ தெரியும், நாந்தான் தெரியலன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அப்புறம், உங்க மோதிர வெரலு நடுங்குது, டாக்டர்ட்ட காட்டணும். வாரீங்க, வச்சிருதேன்."

தெரு ஒவ்வொருவராக எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனது. ஜெனோவா போகும்போது எமரியின் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

எமரி ஹெட்ஃபோனை இன்னும் காதில் வைத்திருந்தாள். கஸ்பாரின் கன்னத்தில் வழிந்ததைப் பார்த்து, "நான் சொன்னது வந்துட்டா?" என்று கேட்டாள்.

அவர் சத்தம் போடாமல், மில்காரிகள் செய்கிற மாதிரி உதட்டை மட்டும் நிதானமாக அசைத்து, "கேட்டாச்சு," என்றார்.

"அப்பச் சரி," என்று ஹெட்ஃபோனைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள் எமரி. "எங்க, அந்த வெரலக் காட்டுங்க."